சபையார் பங்கு

எனக்குப் பைபிளில் வரும் சங்கீதங்கள் பாதிதான் தெரியும். ஒவ்வொரு சங்கீதத்திலும் பாதி. சர்ச்சில் ஐயர் ஒரு வசனம் வாசிப்பார். அடுத்த வசனத்தைச் சபையார் சேர்ந்து சொல்லுவோம். என் படிப்பு இரண்டாம் வகுப்போடு நின்றுவிட்டது. பக்கத்தில் இருப்பவர்களின் வாயைப் பார்த்துக்கொண்டே சபையார் பங்கை மனப்பாடம் செய்தவள் நான். ஐயர் பங்கு ஐயரோடு.

எங்கள் பாதிரியாரை ஐயர் என்றுதான் கூப்பிடுவோம். அவர் வீட்டுக்கு வந்து போனால், "எந்த ஐயரு, உங்க ஐயரா, கோயில் ஐயரா?" என்று எதிர்வீட்டுக்காரி விசாரிப்பாள்.

என் வீட்டுக்காரர் இருந்தவரை சாயங்காலங்களில் அவர் ஐயர், நான் சபை. "சபை தூங்குது பாரு" என்று கண்ணாடிக்கு மேலாக முறைப்பார். "ஐயரு இன்னும் பல்லு மாட்டல, ஒண்ணும் புரியல" என்பேன். அவர் போன பிறகு வீட்டில் சபை மட்டும் மிச்சம். பிள்ளைகள் வெளியூரில். போனில் சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா என்பார்கள். வசனம் வாசித்துக் காட்டு என்று நானும் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமைதான் நான் பதில் சொல்ல ஒரு குரல் கிடைக்கும்.

அப்போதுதான் புது ஐயர் வந்தார். நல்ல பிள்ளை. சுவரில் திரை, கீபோர்டு, டிரம்ஸ் எல்லாம் கூடவே வந்தன. பாட்டு முடிந்தால் பாட்டு. சங்கீத வாசிப்பு போயிற்று. திரையில் ஒரே ஒரு வசனம், பின்னால் அருவிப் படம். நான் எழுத்துக் கூட்டி முதல் சொல்லைத் தாண்டுவதற்குள் அருவி ஓடிவிடும்.

ஒருநாள் ஆராதனை முடிந்ததும் அவரை வாசலில் பிடித்தேன்.

"ஐயரே, சங்கீதத்த எங்க வெச்சிட்டீங்க?"

"டைம் ஜாஸ்தி ஆவுது ஆயா. வயசுப் பசங்க உக்கார மாட்றாங்க. பாட்டும் வேதத்துலருந்து எடுத்ததுதானே?"

"சரிங்க. பாட்டுல நாமளே பேசிக்கினு இருக்கறோம். அவரு பேசறத எப்பங்க கேக்கறது? என் பெரிய மருமவ போன் பண்ற மாதிரி இருக்குது."

சிரித்துவிட்டார். "பிரசங்கத்துல நான் சொல்றேனே."

"அது நீங்க பேசறதுங்க."

சிரிப்பு நின்றது. யோசிக்கிறேன் என்றார். அடுத்த வாரம் டிரம்ஸுக்குப் புது மைக் வந்தது.

இந்த ஐப்பசிப் பௌர்ணமி ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தது. பஸ்களை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். கிரிவலக் கூட்டத்துக்கு எதிரே நான் நடந்தே போனேன். "மலை அந்தப் பக்கம் பாட்டி" என்று ஒருவர் வழி சொன்னார். "எனக்கு இந்தப் பக்கம்பா" என்றேன்.

கீழ்பென்னாத்தூரிலிருந்து வரும் கீபோர்டுக்காரர் வரவில்லை. டிரம்ஸ்காரரும் இல்லை, திரை போடுகிறவரும் இல்லை. பக்கத்துத் தெருக்காரர்கள் கொஞ்சம் பேர்தான் உட்கார்ந்திருந்தார்கள். ஐயர் சற்று நேரம் விழித்தார். பிறகு வேதத்தைத் திறந்து, மலைகளை நோக்கிக் கண்ணை உயர்த்துகிற அந்தச் சங்கீதத்தைச் சொல்லி, "மாறி மாறி வாசிப்போம்" என்றார்.

முதல் வசனத்தை வாசித்து நிறுத்தினார். நான் இரண்டாவதைச் சொன்னேன். என் குரல் மட்டும் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் பழக்கத்தில் வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், எழுத்து வரும் என்று.

ஐயர் என்னைப் பார்த்தார். மூன்றாவதை வாசித்தார். நான் நான்காவதைச் சொன்னேன். ஆறாவதில் நடுவே மூச்சு வாங்க நிறுத்தினேன், அவர் காத்திருந்தார். போவதையும் வருவதையும் காக்கிற கடைசி வசனம் சபையாருடையது. அதையும் நான் ஒருத்தியாகவே சொல்லி முடித்தேன்.

வாசலில் ஐயர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "இனிமே வாரா வாரம் சங்கீதம் உண்டு ஆயா."

"சபை உண்டாங்க?" என்றேன். வேடிக்கையாகத்தான் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

சாயங்காலம் தெருவில் கூட்டம் போய்க்கொண்டே இருந்தது. வீட்டுக்காரருடைய நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்தேன். காலையில் கேட்டது காதிலேயே இருந்ததால் ஐயர் வசனமும் எனக்கு அன்று நன்றாகத் தெரிந்தது. ஆனாலும் அதைச் சொல்லவில்லை. அவர் வாசித்து முடிக்கிற அளவு நேரம் விட்டு, என் பங்கை மட்டும் சொன்னேன்.