அக்கா வண்டியின் ஃபேன்

அந்தத் தெருவில் அவன் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. கூலிங் என்றால் கைகாட்டுவார்கள். கார் ஏ.சி.யும் ரேடியேட்டரும் மட்டுமே பார்க்கிற பட்டறை அது. ஷட்டர் போட்ட ஒற்றை அறை, வாசலில் இரண்டு வண்டி நிற்க இடம், உள்ளே கேஸ் சிலிண்டரும் பிரஷர் மீட்டரும். “ஊர்ல இருக்கற காரையெல்லாம் குளிர வைக்கிறீங்க, என்னை மட்டும் சூடேத்திக்கிட்டே இருக்கீங்க” என்பாள் அவன் மனைவி. அவன் சிரித்துக்கொண்டே நழுவிவிடுவான்.

வண்டியைத் தொடுவதற்கு முன்பே கேள்வி கேட்டுப் பாதிக் கோளாறைப் பிடித்துவிடுகிறோம் என்பதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. “ஓடறப்ப குளிருதா, நிக்கறப்பவும் குளிருதா?” இதுதான் முதல் கேள்வி. ஓடும்போது குளிர்ந்து, சிக்னலில் நின்றதும் சூடாக ஊதினால் ரேடியேட்டர் ஃபேன் சுற்றவில்லை என்று அர்த்தம். ஓடுகிற வண்டிக்கு எதிர்க்காற்றே ஃபேன் வேலையைச் செய்துவிடும். நின்றுவிட்டால் அதற்கு நாதியில்லை. சூடு காட்டும் முள் மேலே ஏறும், இன்ஜினும் கொதிக்கத் தொடங்கும். ஃப்யூஸ், ரிலே, ஒயர், கடைசியில் மோட்டார் என்று வரிசையாகப் பார்த்தால் சீக்கிரமே முடிகிற வேலை.

அப்படிப்பட்டவன் சொந்த அக்கா வீட்டு வண்டியில் மட்டும் கோளாறு பிடிபடாமல் வாரக்கணக்கில் திணறினான்.

முதல் தடவை அத்தான் வண்டியைக் கொண்டுவந்தபோது தோளில் அளவு டேப் தொங்கிக்கொண்டிருந்தது. தையல் கடையிலிருந்து அப்படியே எழுந்து வந்திருக்கிறார்.

“மச்சான், நின்னா ஏ.சி. அடுப்பு மாதிரி ஊதுது. ஆஸ்பத்திரியில கீமோ மருந்தேத்திட்டுத் திரும்பி வர்ற வழியெல்லாம் உங்கக்காவுக்கு வாந்தி. வாடகை வண்டி புடிக்கலாம்னா அதுல அடிக்கற சென்ட் வாசனையே குமட்டுதாம். நீ இதைச் சரி பண்ணிக் குடுத்துடு, மீதி ஊசியையும் முடிச்சுடலாம்.”

கூலிங் பானெட்டைத் திறந்து ஏ.சி.யைப் போட்டான். ஃபேன் அசையவில்லை. ஒயரில் கரன்ட் வந்தது. ஸ்பேனரின் பிடியால் மோட்டாரை லேசாக ஒரு தட்டு தட்டினான். விர்ரென்று சுற்றி, கொஞ்ச நேரத்தில் நின்றது. மோட்டாருக்குள் கார்பன் தேய்ந்துவிட்டது, மோட்டாரையே மாற்ற வேண்டும். இதைச் சொல்ல நிமிர்ந்தபோதுதான் போன் அடித்தது. அக்கா.

“அவர் பக்கத்துல இருக்காரா?”

“இருக்காரு.”

“அப்ப ம்னு மட்டும் சொல்லு. வண்டியைச் சரி பண்ணாதே.”

அவன் தெருவுக்கு இறங்கி, எதிர்ச்சுவர் ஓரமாகப் போய் நின்றான். “என்னக்கா பேசற?”

“டாக்டரம்மா என்கிட்ட தனியா சொல்லிட்டாங்க தம்பி. ஏத்தினாலும் போறதுதான், என்ன, கொஞ்ச நாள் கூட இருக்கலாம். அந்தக் கொஞ்ச நாளையும் பக்கெட்டைக் கட்டிப் புடிச்சுக்கிட்டே கழிக்கணும். எனக்கு வேணாம்.”

“அத்தான்கிட்ட சொல்லிடுக்கா.”

“அந்தப் பேச்சை எடுத்தாலே அந்த மனுஷன் முகம் போற போக்கைப் பாக்க முடியல. வண்டி சரியாகலைன்னா அவரே தள்ளிப் போட்டுக்கிட்டு வருவார். சின்ன வயசுல எனக்காக எவ்வளவு புளுகியிருக்க, இன்னும் ஒண்ணு புளுகு.”

அவன் திரும்பி வந்து, அத்தானின் காதோரத்தைப் பார்த்துக்கொண்டே, கேஸ் லீக் மாதிரி தெரிகிறது என்றான்.

அடுத்த முறை கம்ப்ரஸர் மேல் சந்தேகம் என்றான். அதற்கடுத்த முறை ஏதோ பார்ட் வர வேண்டும் என்றான். அத்தான் ஒவ்வொரு தடவையும் தலையாட்டிவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு நாளைத் தள்ளி வைத்தார். “நீயே திணறறன்னா வேற எவன்கிட்ட போறது” என்பார். கூலிங்குக்கு அதைவிட யாராவது செருப்பால் அடித்தால் தேவலை என்றிருக்கும்.

அக்காவைப் பார்க்கப் போனால் அவள் ரசம் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பாள். பல நாள் கழித்து வாய்க்கு ருசி திரும்பியிருந்தது. டி.வி.யில் வருகிறவர்களைப் பெயர் சொல்லித் திட்டினாள். அதையெல்லாம் பார்க்கும்போது செய்தது சரிதான் என்று தோன்றும். தட்டை வாங்கும்போது அவளுடைய மெலிந்த மணிக்கட்டு கண்ணில் படும். உடனே, வைத்தியம் வேண்டாமென்பது அவள் முடிவா, இல்லை நான் சேர்ந்து செய்கிற பாவமா என்று கேள்வி எழும். கேட்க ஆளில்லை. பட்டறைக்கு வந்து, யார் வண்டியையோ கழற்றிப்போட்டு அதன்மேல் எரிந்து விழுவான்.

ஒரு மதியம் அத்தான் வழக்கத்தைவிட வேகமாக உள்ளே வந்தார்.

“சிக்னல்ல வண்டி கொதிச்சுடுச்சு மச்சான். ஓரங்கட்டினேன். ஒரு லாரி டிரைவர் வந்து கட்டையால அந்த மோட்டாரைத் தட்டினான், சுத்துச்சு. ஃபேன் மோட்டார் போச்சு அண்ணே, இது குழந்தைக்குக்கூடத் தெரியும்னான்.”

கூலிங் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

“குழந்தைக்குக்கூடத் தெரியும்னான்.” இந்த முறை குரல் இறங்கியிருந்தது. “சரி பண்ண வேணாம்னு உங்கக்கா சொன்னாளா?”

சுத்தமாக இருந்த கையை வேஸ்ட் துணியால் மறுபடி துடைத்தபடி அவன் தலையசைத்தான். டாக்டரம்மா சொன்னதையும் சொல்லி முடித்தான்.

அத்தான் ஸ்டூலில் உட்கார்ந்தார். “நான் திட்டுவேன்னு நினைச்சாளா?”

“இல்ல அத்தான். நீங்க அழுவீங்கன்னு நினைச்சா.”

தரையைப் பார்த்துக்கொண்டே, “வலிக்குதாமா அவளுக்கு?” என்றார்.

“வலிக்குது. உங்ககிட்ட சொல்ல மாட்டா.”

“தெரியும். தூங்கற மாதிரி படுத்திருப்பா. நானும் தூங்கற மாதிரி படுத்திருப்பேன்.”

கூலிங் உள்ளே போய் அட்டைப்பெட்டியோடு வந்தான். அவள் போன் செய்த மறுநாளே, எதற்கும் இருக்கட்டும் என்று வாங்கி வைத்த புது மோட்டார். “மாட்டிடறேன் அத்தான். இப்பவே.” குனிந்து முதல் போல்ட்டைத் தளர்த்தினான்.

“மாட்டினா நிக்கறப்பவும் குளிருமா?”

“குளிரும்.”

“அப்ப வேணாம்.”

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

“சரியாயிடுச்சுன்னா நான் அவளைக் கூப்பிட்டுடுவேன் மச்சான். வா, வான்னு கெஞ்சுவேன். அவளும் எனக்காக வந்துடுவா. கூப்பிடாம இருக்க எனக்குத் தைரியம் கிடையாது. அது இப்படியே இருக்கட்டும்.”

கூலிங் போல்ட்டை மறுபடி முறுக்கினான். அத்தான் போனை எடுத்து வீட்டுக்குப் போட்டார்.

“ஆமா, பட்டறையிலதான். எங்க சரியாச்சு? உன் தம்பி சும்மா வாயாலயே வண்டி ஓட்டறான், கையில ஒண்ணும் கிடையாது.”

அந்தப் பக்கம் அக்கா சிரிப்பது கூலிங்குக்கே கேட்டது. அத்தான் அந்தச் சிரிப்பு முடிகிறவரை காத்திருந்தார்.

“ஆஸ்பத்திரிக்கு அப்புறம் பாத்துக்கலாம். வர்றப்ப உனக்கு என்ன வாங்கிட்டு வரட்டும், அதைச் சொல்லு.”

அவள் சொன்னதையெல்லாம் ம், ம் என்று கேட்டுக்கொண்டார். போனை வைத்த பிறகு ஸ்டியரிங்குக்குப் பின்னால் போய் உட்கார்ந்தவர் சாவியைத் திருப்பவில்லை. கூலிங் பானெட்டைச் சத்தம் வராமல் இறக்கினான். அது சரியாகப் பூட்டவில்லை. இரண்டு கையையும் அதன்மேல் வைத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுத்தினான்.