ஒரு மணித்தியாலம் கூடிய மணிக்கூடு

கனடாவில், ஸ்ரௌவ்வில்லில் வீடு வாங்கியபோது, வரவேற்பறைக் கூரை இரண்டு மாடி உயரம் என்று பெருமைப்பட்டோம். அந்தச் சுவரின் உச்சியில் பெரிய மணிக்கூடு ஒன்றையும் மாட்டினோம். அதில் நேரம் மாற்றுவதென்றால் கராஜிலிருந்து ஏணி கொண்டுவர வேண்டும். நானோ சோம்பேறி. நவம்பரில் குளிர்காலத்துக்காக ஊரெல்லாம் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னே தள்ளினாலும் எங்கள் சுவரில் தைப்பொங்கல் வரை கோடைகால நேரம்தான். "அதில ஒரு மணித்தியாலத்தைக் கழிச்சுப் பாருங்கோ" என்று வருகிறவர்களுக்கும் சொல்லிவைப்போம்.

போன ஒக்ரோபரில் மனைவி பொறுமையிழந்து, வெளிச்சத்தில் ஓடும் வானொலி மணிக்கூடு ஒன்றை வாங்கிவந்தாள். பற்றரி மாற்றத் தேவையில்லை. அமெரிக்காவில் ஒரு கோபுரம் அனுப்பும் அலையைப் பிடித்துத் தானே நேரத்தைத் திருத்திக்கொள்ளும்.

"சொல்லாமல் திருந்துற ஒண்டாவது இந்த வீட்டில இருக்கட்டும்" என்றாள்.

இரண்டு நாள் வெயில் காட்டினேன். பிறகு பொத்தானை அழுத்தியதும் முட்கள் விறுவிறென்று சுழன்று பன்னிரண்டில் போய் நின்றன. அன்று முழுக்க அசையவில்லை. பெட்டிக்குள் இருந்த தாளை அதன்பிறகுதான் வாசித்தேன். தென்மேற்கு யன்னலில், தொலைக்காட்சியிலிருந்து தள்ளி வைக்க வேண்டுமாம். அப்படி வைத்ததும் மறுநாள் காலை பிசகாமல் ஓடியது. குசினி வாசலருகே கண்மட்டத்தில் மாட்டினேன். பழையதைக் கழற்றவும் ஏணி வேண்டும் என்பதால் அது மேலேயே கிடந்தது.

நவம்பர் முதல் ஞாயிறு காலை தேத்தண்ணியோடு வந்து நின்றேன். புதியது இரவோடு இரவாகத் தன்னைத் திருத்தி ஆறு பத்து என்றது. மேலே ஏழு பத்து. வெளியே இன்னும் இருட்டு. கோப்பையைக் கீழே வைத்தேன்.

ஐந்து வருடத்துக்கு முன், நேரம் மாறிய மூன்றாம் நாள், அம்மா இதே அறையில்தான் உயிர்விட்டார். மூச்சு நின்றதும் லைற்றைப் போட்டு மேலே பார்த்தேன். ஏழு பத்து. திதி பார்க்க அதையே ஐயருக்குச் சொன்னேன். உண்மையில் ஏழு பத்து என்றால் விடிந்திருக்குமே, லைற் எதற்கு? அன்று நான் ஒரு மணித்தியாலத்தைக் கழிக்க மறந்திருக்கிறேன்.

ஐயருக்குப் போன் எடுத்தேன்.

"கொப்பியில ஏழு பத்து எண்டுதான் கிடக்கு, தம்பி. ஆறே முக்காலோட நவமி முடிஞ்சிட்டுது. அதாலதான் தசமியில திவசம் செய்யச் சொன்னனான்."

"ஆறு பத்து எண்டால், ஐயா?"

அவர் பஞ்சாங்கத்தைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"அப்ப நவமி."

இறந்தவர் தன் திதியன்று பசியோடு வீட்டுக்கு வருவார் என்பார்கள். நான் பெரிய பக்திமான் இல்லை. ஆனாலும் நாலு வருடமும் அம்மா வந்த நாளில் நாங்கள் மறுநாள் படையலுக்கு மரக்கறி வாங்கக் கடையில் நின்றிருக்கிறோம். வீட்டைப் பூட்டி, அலாரமும் போட்டுவிட்டு. உயிரோடு இருந்தபோதே அந்த அலாரத்துக்குப் பயந்து கதவைத் தொடமாட்டார். வேலைக்குப் புறப்படும்போதெல்லாம் காருக்குள் இருந்து வாசலைத் திரும்பிப் பார்க்கத் தொடங்கினேன். யாரோ நிற்பதுபோலவே இருந்தது. எனக்குப் பயமாக இல்லை, வெட்கமாக இருந்தது.

திதிக்கு இன்னும் ஒரு கிழமை இருந்தது. இந்த முறை நவமியன்று லீவு எடுத்தேன். அலாரத்தை நிறுத்தி, முன்கதவைத் திறந்துவைத்தேன். குளிர் குபுகுபுவென்று உள்ளே வந்தது. மனைவி ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு இலையில் படைத்தாள்.

"இப்ப சரிதானே?" என்று பின்னேரம் கேட்டாள்.

எனக்குச் சரியாகவில்லை. எங்கள் வேலை நேரத்துக்கெல்லாம் தன் பசியை மாற்றிக்கொண்டவர் அம்மா. நாங்கள் எத்தனை மணிக்கு வந்தாலும் "எனக்கு இப்பதான் பசிக்குது" என்பார். நாலு வருடம் பூட்டிய கதவைப் பார்த்தவர், அடுத்த நாள்தான் பிள்ளை சோறு வைப்பான் என்று பழகியிருந்தால்?

அதைச் சொன்னதும், "மாமி அப்பிடித்தான்" என்றாள் மனைவி.

மறுநாளும் அவள் உலை வைத்தாள். நான் கதவைத் திறந்துவிட்டு, ஜாக்கெட்டோடு வாசற்படியில் இருந்தேன்.