வெள்ளாமை ஒன்றுக்கு

என் கையெழுத்து கோணலாக இருக்கும், எழுத்துப் பிழையும் நிறைய வரும். ல, ள, ழ மூன்றும் எனக்கு ஒன்றுபோலத்தான் தெரியும். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். எங்கள் மலையில், வாழவந்தி நாட்டில், வாத்தியார் ஒருவர் கொஞ்ச காலம் பள்ளிக்கூடம் வைத்திருந்தார். அவரிடம் மூன்றாம் வகுப்பு வரை படித்தேன். அப்புறம் அவரை மலைக் காய்ச்சல் பிடித்தது. தூளி கட்டிக் கீழே தூக்கிப் போனார்கள். அவர் திரும்பி வரவில்லை, என் படிப்பும் அத்தோடு நின்றது.

ஆனால் ஒரு சொல்லை மட்டும் நான் பிழையில்லாமல் எழுதுவேன். வெள்ளாமை. அதில் வருவது ள. ஊரே சேர்ந்து எனக்கு அதைப் பாடம் பண்ணிக் கொடுத்தது. இன்றைக்கும் சந்தைக்குப் போனால் "ரெண்டு வெள்ளாமை வாரான், வழி உடுங்கப்பா" என்பார்கள். என் சொந்தப் பெயர் பாதிப் பேருக்கு மறந்திருக்கும்.

என் கல்யாணத்தில்தான் கடன் வந்தது. எங்கள் மலையில் மாப்பிள்ளை வீட்டார்தான் பெண்ணுக்குப் பரியம் கட்ட வேண்டும். பரியப் பணத்தை என் மாமன், அம்மாவின் தம்பி, கொடுத்தார். விருந்துக்கு அரிசி, உப்பு, துணி எல்லாம் மலையடிவாரத்தில் காரவள்ளிக் கடையில் கணக்கில் எடுத்தது. அந்த வருஷமே ஏர் மாடு ஒன்று விழுந்து செத்தது. வேறு மாட்டுக்கு ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டரிடம் பணம் வாங்கினேன். ஆக மூன்று இடம். மூன்று பேரும் மூன்று விதமாகக் கேட்பார்கள். கடைக்காரர் ஆள் விட்டுக் கேட்பார். ஊர்க்கவுண்டர் கேட்கவே மாட்டார், தன் காட்டுக்குக் களை எடுக்கக் கூப்பிடுவார், கூலி கிடையாது. மாமன் நாங்கள் சோற்றுக்கு உட்காரும் நேரம் பார்த்து வருவார்.

"கடங்காரன் ஊட்டுக் களி கொஞ்சம் வேவாமத்தான் இருக்கும்" என்பார். சொல்லிவிட்டு அதையும் தின்றுவிட்டுப் போவார். அன்றைக்கு என் பெண்சாதி பட்டினி.

அவள்தான் அந்த யோசனையைச் சொன்னாள். "ஏனுங்க, மூணு பேத்துக்கிட்டத் தலை குனியறதுக்கு ஒருத்தருகிட்டக் குனியலாமுங்க. கடைக்காரரு மத்த ரெண்டு பேத்துக் கடனையும் தீத்துட்டு மொத்தத்தையும் அவரே எடுத்துக்கட்டும். வருசா வருசம் அறுப்புல கொஞ்சம் கொஞ்சமாக் கட்டிப்போடலாம்."

ஒரு சுமை சாமையோடு நாங்கள் இரண்டு பேரும் மலையிறங்கினோம். கடைக்காரர் சாமையை அளந்து உள்ளே கொட்டிக்கொண்ட பிறகுதான் எங்களைப் பார்த்தார். அவள் வெளியே வெயிலில் நின்றாள். நான் திக்கித் திக்கிச் சொல்லி முடித்தேன். நாலு பேருக்கு முன்னால் பேச எனக்குச் சின்ன வயதிலிருந்தே வராது. முதல் சொல் வரும், அடுத்த சொல் தொண்டையில் நின்றுவிடும்.

"அடமானம் என்னடா கவுண்டா?" என்றார்.

"வயலுங்க, மொதலாளி. ஓடைக்குப் பக்கத்துல, தண்ணி பாயற வயலு."

எங்களிடம் சமமாக இருந்த நிலம் அது ஒன்றுதான். மற்றதெல்லாம் சரிவு, சாமையும் கேழ்வரகும் வரும், மழை பெரிதாகப் பெய்தால் மண்ணோடு போகும். வயல் இருந்தால் வீட்டில் நெல் இருக்கும். வயல் போனால் நான் ஊர்க்கவுண்டர் காட்டில் காலத்துக்கும் ஆள்காரன்.

அவர் குமாஸ்தாவை விட்டுப் பத்திரம் எழுதச் சொன்னார். மூன்று கடனும் ஒரே கடன். வட்டி பாதி. வெள்ளாமை ஒன்றுக்கு ஒரு தவணை. இரண்டு தவணை பாக்கி விழுந்தால் வயல் அவருக்கு. எழுதி முடித்ததும் கைநாட்டு வைக்க மையை நீட்டினார்கள். எனக்குப் படிக்கத் தெரியும் என்றேன். கடையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பினார்கள். எழுத்துக் கூட்டி, விரல் வைத்து, கடைசி வரி வரை படித்தேன்.

"பாருங்கய்யா, மலைக்கவுண்டன் பத்திரம் படிக்கிறான்" என்றார் கடைக்காரர். "அடுத்தது இவந்தான் தாசில்தாரு."

எல்லாரும் சிரித்தார்கள். நான் கையெழுத்துப் போட்டேன். மலையேறும்போது அவள் எனக்கு முன்னால் நடந்தாள். பாதி வழியில் திரும்பி, "தாசில்தாரே, சுமை கனக்குதுங்களா?" என்றாள். என்னிடம் சுமையே இல்லை, வெறும் கோணிச் சாக்குத்தான். அதற்கப்புறம் வீட்டில் எனக்கு அதுதான் பேர்.

அந்தத் தையில் நெல் அறுத்து முதல் தவணையைக் கட்டினேன். கடைக்காரர் வாங்கிப் பெட்டியில் போட்டார். அடுத்த தையில் இரண்டாவதைக் கொண்டுபோனேன். அப்போதும் வாங்கினார். வெற்றிலைகூடக் கொடுத்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாமன் சோற்று நேரத்துக்கு வருவது நின்றுபோயிருந்தது. எங்களுக்குப் பையன் பிறந்திருந்தான். கடன் இருக்கும்போதே ஒரு மனுஷன் நிம்மதியாக இருக்கலாம் என்று எனக்குத் தெரிந்தது அந்தக் காலத்தில்தான்.

அடுத்து வந்த ஆனியில் கடைக்காரர் மலைக்கு வந்தார். அவரால் ஏற முடியாது. நான்கு பேர் கட்டிலில் வைத்துத் தூக்கி வந்தார்கள். அந்த நான்கு பேரும் அவருக்குக் கடன் பட்டவர்கள். கோயிலுக்கு முன்னால் ஊர்க்கவுண்டர் ஊரைக் கூட்டினார். என்னைக் கூப்பிட்டுப் பத்திரத்தைக் கையில் கொடுத்தார்கள்.

"நீதான் படிச்சவனாச்சே. படி" என்றார் கடைக்காரர்.

படித்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"சத்தமா."

"வெள்ளாமை ஒன்றுக்கு ஒரு தவணை."

"எழுதி ரெண்டு வருசம். எத்தனை வெள்ளாமை ஆச்சு?"

"ரெண்டுங்க. ரெண்டுக்கும் கட்டிப்போட்டேனுங்க."

அவர் ஊர்க்கவுண்டரைப் பார்த்துச் சிரித்தார். "காரவள்ளியில என் காட்டுல தையில ஒரு வெள்ளாமை. வைகாசியில ஒரு வெள்ளாமை. ரெண்டு வருசத்துக்கு நாலு. ரெண்டு கட்டியிருக்கான், ரெண்டு பாக்கி. பத்திரம் என்ன சொல்லுதுன்னு அவனே படிச்சுட்டான்."

எனக்குக் கொஞ்ச நேரம் புரியவில்லை. எங்கள் மலையில் வெள்ளாமை என்றால் வருஷம். ஒருவனுக்கு வயது கேட்டால்கூட இத்தனை வெள்ளாமை கண்டவன் என்றுதான் சொல்வோம். அது அங்கே உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் தெரியும். ஊர்க்கவுண்டருக்கு எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் கட்டிலின் காலைப் பார்த்துக்கொண்டு சொன்னார், "பத்தரம் கீழ எழுதுனது. கீழ எத்தனை வெள்ளாமையோ அத்தனைதான்." அவருடைய மாட்டுப் பணத்தைக் கடைக்காரர் என்றைக்கோ தீர்த்துவிட்டார்.

"தண்ணி வயலுதானேடா, ரெண்டு எடுக்க உனக்கென்ன நோவு?" என்றார் கடைக்காரர்.

"மழை நின்னா மேல் வயலுக்காரரு மடையை அடைச்சுப் போடுவாருங்க, மொதலாளி. மாசியில கீழ சொட்டுத் தண்ணி வராதுங்க."

மேல் வயல்காரர் கூட்டத்தில்தான் இருந்தார். என் வயலுக்கு மேலே இருக்கும் படி வயல்கள் அவருடையவை. மிளகுக் கொடியும் அவருக்கு உண்டு, கையில் எப்போதும் ரொக்கம் இருக்கும். பெண்சாதி இறந்துபோனவர். என் பெண்சாதியை அவரும் முன்னால் பெண் கேட்டிருந்தார், நாங்கள் முந்திக்கொண்டோம். அவர் வாயில் இருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"வயலை ஏன் கீழ் நாட்டுக்காரருக்குக் குடுக்கோணும்? அவ வரதா இருந்தா அவ பரியத்தை நான் திருப்பறேன். பணத்தை மொதலாளி எடுத்துக்கிட்டுக் கணக்கை முடிக்கட்டும். வயலு இவங்கிட்டயே இருக்கட்டும்."

இதைப் படிக்கும் கீழ்நாட்டார் காதைப் பொத்திக்கொள்வார்கள். எங்களிடம் அது வழக்கம்தான். கட்டியவனை விட்டு ஒரு பெண் இன்னொருவன் வீட்டுக்குப் போனால், அவன் பழைய புருஷனுக்குப் பரியத்தைத் திருப்பித் தர வேண்டும். பிள்ளைகள் பழையவனோடு இருக்கும். அதோடு பகை முடிந்தது, நாளைக்கு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடலாம். ஆனால் அதெல்லாம் அவளாக விரும்பிப் போனால். கடனுக்காக ஊர் கூடிக் கேட்டதை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

"கணக்கு நேராத்தான் இருக்குது" என்றார் ஊர்க்கவுண்டர். கடைக்காரருக்கும் மலை வயலைவிட ரொக்கம்தான் மேல்.

"பொம்பளை வேற கிடைப்பா, தண்ணி வயலு கிடைக்குமா?" என்றார் என் மாமன். சொன்னவர் என் அம்மாவோடு பிறந்தவர்.

அவள் பெண்கள் பக்கம் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அவளும் என்னைத்தான் பார்த்தாள்.

"ஏனுங்க, ஏதாச்சும் சொல்லுங்க" என்றாள்.

வயலு போவட்டும். இதுதான் நான் சொல்ல வந்தது. சின்னச் சொல் இரண்டு.

"வயலு" என்றேன். அடுத்தது வரவில்லை. வாயைத் திறந்தேன், மூடினேன், மறுபடியும் "வயலு" என்றுதான் வந்தது. கூட்டத்தில் யாரோ, "ரெண்டு வாட்டி சொல்றான்யா. அவனுக்கு எல்லாமே ரெண்டு வெள்ளாமை" என்றான். சிரிப்பு அடங்கவே இல்லை. அந்தப் பேர் அங்கேதான் பிறந்தது. சிரிப்புக்கு நடுவில் அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். அவள் ஒரு முறை தலையை ஆட்டினாள். எனக்கு அல்ல, தனக்கே ஆட்டிக்கொண்டாள்.

பிறகு அவள் கூட்டத்துக்கு நடுவில் வந்து மேல் வயல்காரருக்கு எதிரில் நின்றாள். "வாரேன். ஒண்ணு மட்டும். மடையை இனி அடைக்கக் கூடாது. மாசிக்கும் பங்குனிக்கும் கீழ் வயலுக்குத் தண்ணி வரோணும். எம்பையன் அதுலதானுங்க திங்கோணும்."

"பொம்பளை பத்தரம் எழுதறாடா" என்று சிரித்தார்கள். மேல் வயல்காரர் சிரிக்கவில்லை. "சரி" என்றார்.

பணம் வந்தது. என் பரியம், ஆனால் என் கைக்கு வரவில்லை. நேராகக் கடைக்காரர் துண்டில் விழுந்தது. அவர் ஒவ்வொரு ரூபாயாக எடுத்துக் கோயில் படிக்கல்லில் தட்டி ஓசை பார்த்தார். அதில் ஒன்று மந்தமாகக் கேட்டது. மறுபடி தட்டினார், தூக்கி எறிந்தார். "இது செல்லாது. வேற கொண்டா."

மேல் வயல்காரர் வீட்டுக்குப் போய் வர வேண்டியிருந்தது. வீடு மேட்டுக்கு அந்தப் பக்கம். ஊர் காத்திருந்தது. கடைக்காரர் மோர் வாங்கிக் குடித்தார். அவள் கோயில் மதிலுக்கு ஓரமாகத் திரும்பி உட்கார்ந்து பையனுக்குப் பால் கொடுத்தாள். நான் பக்கத்தில் போய் நின்றேன். வார்த்தை இரண்டையும் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஒரு ரூபாய் வந்து சேரும் வரைக்கும் அவள் என் பெண்சாதி. "போங்க, எல்லாரும் பாக்கறாங்க" என்றாள், முகத்தைத் திருப்பாமல்.

ரூபாய் வந்தது, கல்லில் கணீரென்று கேட்டது. ஊர்க்கவுண்டர் "முடிஞ்சுது" என்றார். கடைக்காரர் பத்திரத்தைக் கிழித்து என் கையில் கொடுத்தார். "கடனில்லாத மனுசன்டா நீ. சந்தோசமாப் போ" என்றார். அவர் கேலியாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே எனக்கு நல்லது செய்துவிட்டதாக நினைத்தார்.

அவள் பையனை என் இடுப்பில் வைத்தாள். பால் பாதியில் விட்டதால் அவன் கத்தினான். அவள் மேட்டில் ஏறிப்போகும் வரைக்கும் கத்தினான். அப்புறமும் கத்தினான்.

அந்த வருஷம் தையில் நெல் அறுத்த பிறகு ஒரு நாள் போய்ப் பார்த்தேன். மடை திறந்திருந்தது. அடித் தாளுக்குள் தண்ணீர் நின்றது. இரண்டாவது வெள்ளாமை நட்டேன். அன்றிலிருந்து இன்றுவரை ஒரு வருஷம்கூட அந்த மடையை யாரும் அடைத்ததில்லை. வைகாசியில் நான் அறுக்கும்போது வழியில் போகிறவர்கள் நின்று, "ரெண்டு வெள்ளாமை, ரெண்டாவது வெள்ளாமையாடா?" என்பார்கள். ஆமாங்க என்பேன். நல்ல நெல். பையன் அதைத் தின்றுதான் என்னைவிட உயரமாக வளர்ந்தான்.

அவள் மேல் வயலில் களை எடுப்பாள். நான் கீழ் வயலில் இருப்பேன். நடுவில் இரண்டு வரப்பு. இத்தனை வருஷத்தில் நாங்கள் பேசியதில்லை. அவளை அந்த வீட்டில் ஒன்றும் கொடுமை பண்ணவில்லை என்று கேள்வி. ஆனால் சண்டை வந்தால் "கடனுக்கு வந்தவ" என்று சொல்லத் தவறுவதில்லையாம்.

முந்தாநாள் காலையில் மடையில் இலை அடைத்துத் தண்ணீர் குறைந்திருந்தது. எடுத்துவிடப் போனேன். அவள் முன்னாலேயே வந்து குனிந்து இலையை அள்ளிக்கொண்டிருந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். போய்விடுவாள் என்று நினைத்தேன், போகவில்லை.

"தண்ணி பத்துதுங்களா?" என்றாள்.

என் பெண்சாதியாக இருந்தபோது அவளை நான் புள்ள என்றுதான் கூப்பிடுவேன். இப்போது இன்னொருவர் வீட்டு அம்மா. வயலு போவட்டும் என்ற அந்த இரண்டு வார்த்தையும் அப்படியே நாக்கு வரைக்கும் வந்து நின்றன, அன்றைக்கு நின்ற இடத்திலேயே.

"பத்துதுங்க" என்றேன்.

அவள் கையைக் கழுவிக்கொண்டு வரப்பில் ஏறிப் போனாள்.

விய வருஷம், மாசி மாதம், பதினேழாம் தேதி.