அத்தை வந்திருந்த வாரம்

என்னைப் பெண் பார்க்க வந்தபோது எங்கள் இரண்டு பேரையும் மாடியில் தனியாகப் பேசவிட்டார்கள். "எனக்கு ஒம்பதரைக்குத்தானுங்க ஆபீஸ். காலையில சமையல நான் பார்த்துக்கறனுங்க," என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் தலையாட்டினேன். எனக்குப் பெருந்துறைத் தொழிற்பேட்டையில் வேலை. கம்பெனி வேன் ஆறரைக்கே வந்துவிடும்.

ஒன்றரை வருஷம் சொன்னபடிதான் செய்தார். அடுப்படி ஜன்னலைச் சாத்திக்கொண்டு செய்தார் என்பது மட்டும் எனக்கு அப்போது உறைக்கவில்லை.

ஆனைமலையிலிருந்து அவருடைய அம்மா ஒரு வாரம் தங்க வந்தார். வந்த அன்றே இவர் என்னைப் பால்கனிக்குக் கூட்டிப்போய், "அம்மா இருக்கற வரைக்கும் நீ சமைச்சுரு கண்ணு. நான் செய்யறதப் பார்த்தா வருத்தப்படுவாங்க," என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவருடைய அப்பா, கோயில் கிடா விருந்தென்றால் அண்டா அண்டாவாகக் குழம்பு காய்ச்சுகிற ஆள். அதை ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லுகிற அத்தைதான் வருத்தப்படுவாராம். ஊருக்குச் சமைத்தால் பெருமை, பெண்டாட்டிக்குச் சமைத்தால் கேவலமா?

ஆனாலும் நாலு மணிக்கு எழுந்தேன். என் மடத்தனம். டிபன், சாம்பார், பொரியல் என்று முடிப்பதற்குள் மூன்றாம் நாள் வேன் போய்விட்டது. என்னை ஷிப்ட் சூப்பர்வைசராக்கலாமா என்று கம்பெனியில் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. "இன்னொரு நாள் லேட்டானா வேற ஆளப் பார்த்துக்குவமுங்க," என்றார் மேனேஜர்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அத்தை, "பையன் எளைச்சுப்போயிட்டான் அம்மணி. நேரத்துக்குச் சோறு போடறயா?" என்று கேட்டார். அதற்குமேல் பொறுக்க முடியவில்லை.

"இத்தன நாளும் அவருதானுங்க அத்தை சமைச்சாரு."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் சிரித்தார். "வெளையாட்டுக்குச் சொல்றாம்மா. எனக்கு அடுப்புப் பத்த வைக்கக்கூடத் தெரியாது."

என் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

மறுநாள் அலாரத்தை நிறுத்திவிட்டு ஐந்தரை வரைக்கும் நன்றாகத் தூங்கினேன். எழுந்து குளித்துக் கிளம்பினேன். அடுப்படிப் பக்கமே போகவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அத்தையே பருப்பை வேகவைத்தார். டப்பாக்களை உருட்டும் சத்தம் கேட்டது. "இந்த ஊட்டுல பெருங்காயத்த எங்க வெச்சிருக்காங்களோ!"

படுக்கையிலிருந்து தூக்கக் கலக்கத்தில் அவர் குரல் வந்தது. "மேல் தட்டும்மா. நீல மூடி டப்பா. கொஞ்சமாப் போடு, அது பால் பெருங்காயம்."

டப்பாச் சத்தம் நின்றுபோனது. நான் செருப்பை மாட்டிக்கொண்டு, "போயிட்டு வாரனுங்க அத்தை," என்று சொல்லிவிட்டு வேனுக்கு நடந்தேன்.