மாதிரி மாடசாமியும் பதினொரு மணி டீயும்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தே முக்கால் மணிக்கு, கோவில்பட்டிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், ஒரு வீட்டுக்குள் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நிஜமாகவே பொத்திக்கொண்டுதான்... வலது உள்ளங்கையால்!

தண்டனை கொடுத்தது யார்? சென்னையில் இருக்கும் நிவேதிதா என்ற பெண். நான் செய்த குற்றம்? அதற்குச் சில வாரங்கள் முன்பு இதே பக்கத்தில் ஓர் அரசு இணையதளத்தைக் கிழி கிழியென்று கிழித்திருந்தேன் – ஞாபகம் இருக்கிறதா? ‘இதைச் செய்தவர்கள் ஒரு தடவையாவது ஒரு சாதாரண மனுஷனை உட்காரவைத்துப் பார்த்தார்களா?’ என்று முடித்திருந்தேன். எனக்கே பிடித்துப்போய் இரண்டு தரம் படித்துக்கொண்ட வரி.

பத்து நாளில் நிவேதிதாவிடமிருந்து போன் வந்தது.

“சார், அந்த சைட்டை இப்ப நாங்கதான் புதுசா டிசைன் பண்றோம். நீங்க எழுதினது ரொம்பக் கரெக்ட். சாதாரண மனுஷங்களை உட்காரவச்சுப் பார்க்கப் போறோம். உங்க ஏரியாவுல தன்னார்வலர்கள் அஞ்சு பேர் பிடிச்சுக் கொடுங்க சார்.”

நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்?

இதற்கு ‘யூசபிலிட்டி டெஸ்டிங்’ என்று பெயராம். ஜனங்களால் தளத்தைச் சுலபமாகப் பயன்படுத்த முடிகிறதா என்று பார்ப்பது. எல்லாம் ஆன்லைனில்தான். தன்னார்வலர் தன் வீட்டில் லேப்டாப் முன்னால் உட்காருவார். நிவேதிதா சென்னையிலிருந்து வீடியோ காலில் பார்ப்பார். லேப்டாப்பையும் இன்டர்நெட்டையும் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. திட்டம் என்று இருபத்திரண்டு பக்கம் மெயிலில் வந்தது. அதில் சிவப்பு எழுத்தில் ஒரு விதி: ‘தன்னார்வலர் சிரமப்பட்டால் யாரும் உதவக் கூடாது. கூட இருப்பவர் அமைதி காக்க வேண்டும்.’

நம்ம ஊரில் நடக்கிற காரியமா? இங்கே ஒருவர் பைக்கை ஸ்டார்ட் பண்ணச் சிரமப்பட்டால் நாலு பேர் ஓடிவருவார்கள். அதில் ஒருவர் ஒரு ரவுண்டு ஓட்டியே காட்டுவார். சிரமப்படுகிறவரை வேடிக்கை பார்ப்பதற்கு ஒரு படிப்பு இருக்கிறது என்பதே எனக்குப் புதுச் செய்தி.

இருபத்திரண்டு பக்கத்தில் எனக்குப் பிடித்தது பதினேழாம் பக்கம். ஒரு வரைபடம். எங்கள் வட்டாரத்தில் ஒரு கிராமத்திலிருந்து அந்தத் தளத்துக்கு வரும் மனுக்கள் எல்லாம் காலை பதினொரு மணிக்கும் மாலை நாலு மணிக்கும் மட்டுமே வருகின்றன. மற்ற நேரமெல்லாம் ஈ, காக்கை இல்லை. கீழே நிவேதிதா குறிப்பு எழுதியிருந்தார்: ‘கரிசல் பகுதி மக்கள் தேநீர் வேளையில் அரசு சேவைகளை நாடுகிறார்கள். கலாச்சாரக் காரணம் ஆராயப்பட வேண்டும்.’

நானும் யோசித்துப் பார்த்தேன். பிடிபடவில்லை. சரி, டீ குடித்தால் தைரியம் வருகிறதோ என்னவோ!

முதல் தன்னார்வலர் எங்கள் தெரு பலசரக்குக் கடை அண்ணாச்சி. வெள்ளை வேட்டி, திருநீறு, சென்ட் சகிதம் லேப்டாப் முன்னால் உட்கார்ந்தார். முதல் கட்டத்திலேயே மாட்டிக்கொண்டார். பத்து நிமிடம் திரை முழுக்கச் சிவப்பில் ‘பிழை... பிழை...’ என்று வந்துகொண்டே இருந்தது.

“என்ன தோணுதோ வாய்விட்டுச் சொல்லுங்க சார்,” என்றார் நிவேதிதா.

“அந்தச் சிவப்பு ரொம்ப எடுப்பா இருக்கு தாயி.”

கடைசிவரை ஒரு குறை சொல்லவில்லை. கால் முடிந்ததும் கேட்டேன்: “ஏன் அண்ணாச்சி இப்படி?”

“கவருமென்ட்டைக் குறை சொல்லிட்டு, அடுத்த மாசம் கடை லைசென்ஸைப் புதுப்பிக்க எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போவேன்? நீங்க எழுதிட்டுப் போயிருவீய. நான் இங்கன கடை வச்சிருக்கேன்லா?”

வாஸ்தவம்தான். பிறகு பிடித்த மூன்று பேரும் கிட்டத்தட்ட அண்ணாச்சிகள்தான். ஐந்தாவது ஆள்தான் பேச்சியம்மாள்.

பேச்சியம்மாளை நான் பிடிக்கவில்லை. அவர்தான் என்னைப் பிடித்தார். தீப்பெட்டி ஆபீஸில் (எங்கள் பக்கம் தொழிற்சாலையை அப்படித்தான் சொல்வோம்) வேலை. எப்படியோ கேள்விப்பட்டு, யாரிடமோ நம்பர் வாங்கி அவரே போன் போட்டார். “நான் வாரேன் அண்ணாச்சி. ஆனா செவ்வாக்கிழமை, காலை பத்தரைக்கு ஆரம்பிச்சிரணும். பதினோரு மணிக்குள்ள முடிச்சிரணும்.”

என்ன ஓர் ஆர்வம்! என்ன ஒரு நேரம் தவறாமை! நிவேதிதாவிடம் பெருமையாகச் சொன்னேன்.

ஆக, செவ்வாய்க்கிழமை. பேச்சியம்மாள் தீப்பெட்டி ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு, நைந்த மஞ்சப்பை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில், வாயைப் பொத்தியபடி நான்.

திரையில் ஓர் அட்டை வந்தது: ‘உங்கள் பெயர் மாதிரி மாடசாமி. உங்கள் பட்டாவில் பெயர் மாற்ற மனுச் செய்யுங்கள். ஓ.டி.பி. கேட்டால் 123456 என்று போடவும்.’ ஓ.டி.பி. தெரியும்தானே? மனுப் போடுவது நாம்தானா என்று சோதிக்க நம் போனுக்கு வருமே, அந்த ரகசிய எண்.

பேச்சியம்மாள் ஒற்றை விரலால் தட்டத் தட்ட, மாடசாமியின் மனு வழுக்கிக்கொண்டு போனது. நாலே நிமிடம். ‘வாழ்த்துகள்! உங்கள் மனு பெறப்பட்டது.’

“சூப்பர் அம்மா!” என்றார் நிவேதிதா.

பேச்சியம்மாள் திரையையே முறைத்துக்கொண்டிருந்தார். “யாரு தாயி இந்த மாடசாமி? அவருக்கு மட்டும் ஓ.டி.பி. கையிலயே இருக்கு?”

“அப்படி யாரும் இல்லைம்மா. சும்மா கற்பனை.”

“இல்லாத ஆளுக்கு நாலு நிமிசத்துல முடியுது. எங்க வீட்டுக்காரர் போய் மூணு வருசம் ஆச்சு. ஒன்றரை ஏக்கர் கரிசக்காடு இன்னும் அவிய பேர்லயே கிடக்கு. மழையில உளுந்துப் பயிரு அழிஞ்சா எல்லாருக்கும் நிவாரணம் வருது... எனக்குப் பட்டா இல்லைன்னு வரல.”

வாயைப் பொத்தியிருந்த கையை எடுத்துவிட்டேன். எடுப்பான சிவப்பைப் பற்றி நாலு நாளாகச் சிரித்துக்கொண்டிருந்தேனே, வெட்கமாக இருந்தது.

ஆனால் திட்டம் திட்டமல்லவா? நிவேதிதா கேள்வித்தாளை எடுத்தார். “உங்கள் அனுபவத்துக்கு ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண்...”

“அஞ்சு.”

“எழுத்தின் அளவு...”

“அஞ்சு.”

“நான் இன்னும் கேள்வியே—”

“எல்லாத்துக்கும் அஞ்சு போட்டுக்கோ தாயி! மணி பத்து அம்பத்தேழு ஆச்சு!” பேச்சியம்மாள் என் பக்கம் திரும்பினார். “அண்ணாச்சி, இந்த மாடசாமி சைட்ட மூடுங்க. நெசமான சைட்டத் திறங்க. பதினோரு மணிக்கு ஜெசிந்தாவுக்கு டீ பிரேக்.”

யார் ஜெசிந்தா? டீ பிரேக்குக்கும் பட்டாவுக்கும் என்ன சம்பந்தம்?

மூன்று நிமிடத்தில் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தார். ஜெசிந்தா அதே ஊர்ப் பெண். முன்பு ஊரில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தியவர். ஜனங்களின் விவரங்களை முதன்முதலாக ஆன்லைனில் ஏற்றியது அவர்தான். அப்போது ஊரில் பாதிப் பேரிடம் போன் கிடையாது. ஆனால் போன் நம்பர் கட்டத்தில் ஒரு சிவப்பு நட்சத்திரம் இருந்தது. நிரப்பாமல் விட்டால் அடுத்த பக்கம் வராது. ஜெசிந்தா என்ன செய்வார் பாவம்? எல்லாருக்கும் தன் நம்பரையே போட்டுவிட்டார்.

அன்றிலிருந்து பாதி ஊரின் ஓ.டி.பி.யும் ஜெசிந்தாவின் போனுக்கு! அவர் கல்யாணமாகிப் புதியம்புத்தூர் போய்விட்டார். அங்கே ரெடிமேட் துணி தைக்கிற கம்பெனியில் வேலை. வேலை நேரத்தில் போனைத் தொட முடியாது. காலை பதினொரு மணிக்குப் பத்து நிமிடம் டீ பிரேக். மாலை நாலு மணிக்குப் பத்து நிமிடம்.

லேப்டாப்பில் நிவேதிதாவின் முகத்தைப் பார்த்தேன். பதினேழாம் பக்கத்தின் கலாச்சாரக் காரணம் அவருக்கும் புரிந்துவிட்டது.

“நம்பரை மாத்திக்கலாமேம்மா?” என்றார் மெதுவாக.

“மாத்தவும் பழைய நம்பருக்கு ஓ.டி.பி. வருமாம் தாயி. இல்லைன்னா கைரேகை வைக்கணும். தீப்பெட்டி ஆபீஸ்ல ஒட்டி ஒட்டி ரேகை எங்க இருக்கு? ஞாயித்துக்கிழமை ஜெசிந்தா மஸ்கட்டுக்கு வீட்டுக்காரர்கிட்டப் போறா. மிச்சப் பிரேக் எல்லாம் மத்தவிய வாங்கிட்டாவ. எனக்கு இந்தப் பத்து நிமிசந்தான்.”

பதினொன்று. நிஜத் தளத்தைத் திறந்தேன். சக்கரம் சுற்றியது... சுற்றியது... நாலு நிமிடம் சுற்றியது. வாரிசுச் சான்று, சர்வே நம்பர் எல்லாம் மஞ்சப்பையிலிருந்து வரிசையாக வெளியே வந்தன. நானே தட்டினேன். அமைதியாவது, விதியாவது!

‘ஓ.டி.பி. அனுப்பப்பட்டது.’ என் போனில் ஜெசிந்தா, ஸ்பீக்கரில்.

“ஏட்டி ஜெசிந்தா, வந்திருச்சா?”

“வந்திருச்சு சித்தி. எழுதிக்கோங்க.” ஆறு எண்களையும் சொன்னார். போட்டோம்.

‘தவறான எண்.’

“அய்யோ சித்தி, ரெண்டு வந்திருக்கு! வேற யாரோ அதே நேரத்துல அமுக்கியிருக்காவ. எது யாருக்குன்னு இதுல பேரு போடமாட்டான்லா?”

“எவம்லே அது!” பேச்சியம்மாள் வாசலுக்கு ஓடிப்போய்த் தெருவைப் பார்த்துக் கத்தினார். “இன்னைக்கு என் முறைன்னு நேத்தே சொன்னேன்லா!” எதிர் வீட்டு ஜன்னல் ஒன்று சத்தமில்லாமல் மூடிக்கொண்டது.

பதினொன்று ஏழு. அப்போது லேப்டாப்பிலிருந்து ஓர் அலறல்.

“சார்! ரெண்டாவது நம்பரைக் கேட்டுப் போடுங்க சார்! மூணு நிமிஷம்தான் செல்லும்! நாப்பது செகண்ட் இருக்கு! சீக்கிரம்!”

அமைதி காக்கச் சொன்ன அதே நிவேதிதாதான். நாற்காலியை விட்டு எழுந்தே நின்றுவிட்டார்.

ஜெசிந்தா சொன்னார். நான் தட்டினேன். பேச்சியம்மாள் இரண்டு கைகளையும் கூப்பிக்கொண்டு நின்றார். சக்கரம் இன்னொரு சுற்றுச் சுற்றிவிட்டு நின்றது.

‘உங்கள் மனு பெறப்பட்டது.’

மாடசாமிக்கு வந்த ‘வாழ்த்துகள்’ இவருக்கு வரவில்லை. அதனால் என்ன? நாங்கள் மூன்று ஊரிலிருந்து நாலு பேர் கைதட்டினோம். புதியம்புத்தூரில் பிரேக் முடிந்த மணி அடிப்பது ஸ்பீக்கரில் கேட்டது.

தன்னார்வலர்களுக்கு நன்றிப் பரிசாக ஒரு சான்றிதழ் உண்டாம். டவுன்லோடு செய்துகொள்ள வேண்டும். எப்படி? ஓ.டி.பி. வரும்! பேச்சியம்மாள் கும்பிட்டு, வேண்டாம் என்றுவிட்டார்.

போன வாரம் பட்டா வந்துவிட்டது. பேச்சியம்மாள் போனில் படித்துக் காட்டினார். “எம் பேரு போட்டிருக்கு அண்ணாச்சி. பக்கத்துலயே அவிய பேரும் இருக்கு. அவிய வீட்டம்மாதான்னு கவருமென்ட்டுக்கு இப்பத்தான் தெரிஞ்சிருக்கு.” அந்த ஒரு தடவைதான் கையால் பொத்தாமலே விதிப்படி அமைதி காத்தேன்.

நேற்று நிவேதிதா கூப்பிட்டார். முதல் வேலையாக அந்தச் சிவப்பு நட்சத்திரத்தை எடுக்கப் போகிறார்களாம். மேலிடத்தில் கோப்பு நகர்கிறதாம். சந்தோஷம்.

“இன்னொரு விஷயம் சார். உங்க ஏரியா சார்ட் திடீர்னு மாறியிருக்கு. பதினொண்ணும் இல்லை, நாலும் இல்லை. இப்ப எல்லா மனுவும் மத்தியானம் ஒரு மணிக்கு வருது. ஜெசிந்தாதான் மஸ்கட் போயிட்டாங்களே?”

“போயிட்டாங்கம்மா. போறப்ப சிம் கார்டைப் பேச்சியம்மாள் கையில கொடுத்துட்டுப் போயிருக்காங்க.”

தீப்பெட்டி ஆபீஸில் சாப்பாட்டு மணி ஒரு மணிக்குத்தான் அடிப்பார்கள்!