பரணில் இருந்த மக்காச்சோளக் கட்டை

என் மகள் பெரம்பலூரில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறாள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். "பொண்ணு என்ன படிக்குது?" என்று யாராவது கேட்டால், "கரி செய்யுது" என்பேன். சிரிப்பார்கள். எனக்கு வேறு மாதிரி சொல்லத் தெரியவில்லை.

மின்சாரத்தைச் சட்டென்று வாங்கிக்கொண்டு சட்டென்று திருப்பித் தருகிற சூப்பர் கெப்பாசிட்டர் என்று ஒன்று இருக்கிறதாம். அதற்குள் இருக்கும் தகடுகளில் கரியைப் பூசுவார்கள். கரியில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் கூடக்கூட, மின்சாரமும் கூடுதலாக நிற்குமாம். மணி உதிர்த்த மக்காச்சோளக் கட்டையில் அந்தக் கரியை அவள் செய்தாள். எங்கள் காட்டில் விளைந்து, நாங்கள் அடுப்பெரிக்கிற கட்டைதான்.

முதலில் செய்த கரி நன்றாக வந்தது. அதன் பிறகு மஞ்சள் காமாலையில் என் மனைவி போய்விட்டாள். அடுத்த அறுவடையில் நான் தனியாள். எப்போதும்போலக் கதிரை ரோட்டில் காயப்போட்டுக் காவல் இருக்க முடியாமல், விளைந்த காட்டிலேயே மெஷின் விட்டு உதிர்த்தேன். அந்தக் கட்டையில் செய்த கரி தேறவில்லை.

மகள் வீட்டுக்கு வந்தாள்.

"மறுபடி அதே மாதிரி செஞ்சு காட்டச் சொல்றாருப்பா சார். இல்லாட்டி மொத வந்தது கணக்குல சேராது. என் படிப்பே அதுலதான் நிக்குது. பழைய கட்டை எதும் கெடக்கா?"

பரணில் ஒரு மூட்டை இருந்தது. மனைவி நிரப்பி, பழைய சேலைக் கரையால் வாய் கட்டியது. கேஸ் அடுப்புக்கு மாறிவிட்டேன், அதைத் தொட்டதில்லை.

"எலி தின்னுருக்கும்" என்றேன்.

"எலி எங்கப்பா கட்டையத் திங்கும்?" என்று சிரித்தபடி அண்ணாந்து பார்த்தாள். முடிச்சைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"வேணாம்ப்பா, விடுங்க. நான் வேற பாத்துக்கறேன்."

சோறு போட்டாள். பாதியில் கைகழுவிவிட்டு ஏறி மூட்டையை இறக்கினேன். மனைவி இறுக்கிப் போட்டிருந்த முடிச்சு விரலுக்கு அசையவில்லை. மகள் அரிவாளை எடுத்தாள்.

"அறுக்காத பாப்பா" என்று சொல்லிப் பல்லால் இளக்கினேன். சேலைக் கரையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, சாக்குக்குச் சணல் கட்டிக் கொடுத்தேன்.

பஸ்ஸில் ஏற்றும்போது கண்டக்டர், "டவுன்ல வெறகு அடுப்பாம்மா?" என்றார்.

"காலேஜு அடுப்புங்கண்ணே" என்றாள்.

சில வாரம் கழித்துப் போன் செய்தாள். கரி முதல் தடவை போலவே வந்துவிட்டதாம். பிறகு அவளே சொன்னாள்.

"ரோட்டுல காஞ்சப்ப சுண்ணாம்புக்கல் லாரித் தூசி படிஞ்சுருக்கும்ப்பா. அதுனாலதான் தொளை கூடுச்சோன்னு தோணுது. உறுதியாத் தெரியல. இந்த வருசம் ரோட்டுலயே காய வைங்களேன், செஞ்சு பாத்துடறேன்."

இப்போது அரியலூர் ரோட்டோரம் கதிரைப் பரப்பி, சுற்றிலும் கல் வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். முன்பு லாரி போகும்போதெல்லாம் மனைவி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு டிரைவரைத் திட்டுவாள். நான் திட்டுவதில்லை. தூசி அடங்கியதும் எழுந்து கதிரைப் புரட்டிவிடுகிறேன்.