இரண்டு கயிறு, ஒரே ‘ஏங்க’: கலிம்னோஸ் தீவில் பாறை ஏறிய கதை

சிறுமலை அடிவாரப் பாறைகளில் ஞாயிறுதோறும் கயிறு கட்டி ஏறுகிற நான்கு பேர் நாங்கள். நானும் என் கணவரும் திண்டுக்கல்லில் ஆசிரியர்கள். செல்வியும் முருகேசனும் சின்னாளப்பட்டியில் சேலைக் கடை வைத்திருப்பவர்கள். கிரேக்க நாட்டின் கலிம்னோஸ் தீவில் ஒரு தடவையாவது ஏறிவிட வேண்டும் என்று சேமித்து, போன அக்டோபரில் கிளம்பினோம்.

சென்னையிலிருந்து ஏதென்ஸ், அங்கிருந்து கோஸ் தீவு, பிறகு முக்கால் மணி நேரப் படகு. செல்விக்கு அதற்கே குமட்டிவிட்டது. தங்கியது மசூரி என்ற ஊரில். அறையிலிருந்து பாறைக்கு இருபது நிமிட நடை, வழியெல்லாம் ஆடுகள். நம் ஊர்க் கருங்கல் சரிந்து கிடக்கும், காலை நம்பி ஏற வேண்டும். இது சுண்ணாம்புக்கல், தலைக்கு மேல் கவிழ்ந்து நிற்கும். விரல் நுழைய ஓட்டைகள் உண்டு. எனக்கு முதல் நாளே பிடித்துப்போயிற்று.

இரண்டாம் நாள்தான் வினை. ஊரில் எங்களுக்கு ஒரே கயிறு. ஒரு ஜோடி ஏறும், மற்றது சுண்டல் தின்னும். இங்கே இன்னொரு கயிறு வாடகைக்கு எடுத்து, பக்கத்துப் பக்கத்தில் ஏறினோம். உச்சியில் இருப்பவர், கீழே கயிறு பிடிப்பவர் சொன்ன பிறகே கையை விட வேண்டும். செல்வி மேலே பார்த்து, "ஏங்க, புடிச்சாச்சு, விடுங்க" என்றாள். சொன்னது முருகேசனுக்கு. கவிழ்ந்த பாறைக்கு மேலே, எங்களைப் பார்க்க முடியாத இடத்தில் இருந்த என் கணவர் விட்டுவிட்டார். நான் இன்னும் கயிற்றை இழுத்து இறுக்கியிருக்கவில்லை. இரண்டு ஆள் உயரம் விழுந்தார். கயிறு தாங்கியது, என்னையும் தரையிலிருந்து தூக்கியது. அவருக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டும்தான்.

பக்கத்தில் இருந்த கிரேக்கப் பெண் ஓடி வந்து, ஒவ்வொரு முறையும் பெயர் சொல்லிக் கத்த வேண்டும் என்றாள். "இவர் பெயர் என்ன?" என்று என்னைக் கேட்டாள். நான் செல்வியைப் பார்த்தேன். செல்வி, "சவரிமுத்து" என்றாள். செல்வியின் கணவர் பெயரைக் கேட்டபோது நான் சொன்னேன். எங்களை அவள் எந்தக் கணக்கில் வைத்தாளோ.

இரவு என் கணவரிடம், "இனி நீங்க ஏற வேணாம்" என்றேன்.

"நீ பேரச் சொல்லு, நான் ஏறுறேன்."

"அத்தைக்குத் தெரிஞ்சா?"

"அம்மா என்ன பாறை மேலயா உக்காந்திருக்கு?"

மறுநாள் அதே பாறை. உச்சிக்குப் போய்விட்டார். "ஏங்க, புடிச்சுட்டேன், விடுங்க" என்றேன். அவர் பாறையை விடவில்லை. அவர் உடம்பு நடுங்குவது கயிறு வழியாக என் கைக்குத் தெரிந்தது. இன்னும் செத்த நேரம் போனால் விரல் தானாகவே விட்டுவிடும். எனக்குப் பயம் வந்துவிட்டது.

"சவரிமுத்து, புடிச்சுட்டேன், விடுங்க" என்று கத்தினேன். விட்டார். வெட்கமாக இருந்தது, ரொம்பச் சந்தோஷமாகவும் இருந்தது.

போகிறவர்களுக்கு: அக்டோபரில் வெயில் படுத்தாது. விசாவுக்கு இரண்டு மாதம் முன்பே விண்ணப்பியுங்கள். ஊறுகாய் அவசியம். கணவன் மனைவியாக ஏறுவதென்றால், பெயர் சொல்லிக் கூப்பிட ஊரிலேயே பழகிவிடுங்கள்.

வீட்டில் இன்றும் ‘ஏங்க’தான். முன்பெல்லாம் ஞாயிறு பூசை முடிந்ததும் அவரைப் பாறைக்கு நான்தான் இழுத்துக்கொண்டு போக வேண்டும். இப்போது கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு அவரே முதல் ஆளாக வாசலில் நிற்கிறார்.